மாட்டைப் பார்த்து "பாக்கா" என்கிறான், ஆனால் எங்கள் வீட்டு மாட்டை அல்ல

கேள்வி: காங்கேயத்து மருமகள்

எல்லோருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காங்கேயத்துக்கும் ஊதியூருக்கும் நடுவில் எங்கள் தோட்டத்துச் சாளை (தோட்டத்து வீடு). மகனுக்கு மூன்றரை வயது. கூட விளையாடப் பிள்ளைகள் இல்லை. அடுத்த சாளைக்குப் போகவே இரண்டு காடு தாண்ட வேண்டும். வீட்டுக்காரர் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அவருக்கு ஸ்பெயின் பையர்களோடு வேலை. "சின்ன வயசுலயே காதுல விழுந்தா தானா ஒட்டிக்கும்" என்று சொல்லி, மகனுக்கு டோரா கார்ட்டூனை அமெரிக்காவில் வந்த மூல வடிவத்திலேயே போட்டுவிட்டார்.

எனக்குத் தெரிந்த டோரா வேறு. சுட்டி டிவி 2007இல் வந்தபோது நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்டு வந்ததும் தம்பியும் நானும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருப்போம். அந்த டோரா தமிழில் பேசி, நடுநடுவே இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பாள். அதுதான் டோரா என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். இப்போது மகனோடு உட்கார்ந்து பார்த்தால், இவள் இங்கிலீஷில் பேசி ஸ்பானிஷ் சொல்லிக் கொடுக்கிறாள்! கூட வருகிற குரங்கு புஜ்ஜியின் பெயர்கூட பூட்ஸாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாலு மாதமாகப் பார்க்கிறான். காலையில் எழுந்ததும் "ஓலா" என்கிறான். அவன் அப்பாரு (என் மாமனார்) முதலில் தென்னை ஓலையைக் கேட்கிறான் என்று நினைத்து, "ஓலை எதுக்குடா சாமி?" என்றார். அப்புறம் ஸ்கூட்டர் என்று நினைத்தார். ஸ்பானிஷில் அதற்கு வணக்கம் என்று அர்த்தம் என நான் சொன்னதும், "அதைத் தமிழ்ல சொன்னா வாயில முள்ளா குத்துது?" என்றார்.

போன வாரம் பால் சொசைட்டிக்குக் கூட்டிப் போனேன். அங்கே ஒருவர் சீமை மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்குமே, எச்.எஃப்., அது. இவன் கை நீட்டி "பாக்கா! பாக்கா!" என்று குதித்தான். கூட இருந்த அத்தை, "பாவக்கா இங்க எங்கடா இருக்குது?" என்று சுற்றும் முற்றும் தேடினார். வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கேட்டேன். ஸ்பானிஷில் பசுவுக்கு அதுதான் பெயராம். எழுத்தில் வ, வாயில் ப. எனக்கு ஒரே பெருமை.

பெருமை வீடு வந்து சேரும் வரைக்கும்தான். எங்கள் கட்டுத்தரையில் சாம்பல் நிறத்து மயிலை மாடுகள் இரண்டு நிற்கின்றன. அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிற மாடுகள். "இது என்ன கண்ணு, சொல்லு" என்றேன். "மாடு" என்றான். "பாக்கா இல்லையா?" என்றால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். படத்தில் வருகிற பசு கறுப்பு வெள்ளை. அதனால் கறுப்பு வெள்ளையாக இருப்பதுதான் பாக்கா.

இன்னொன்றும் கவனித்தேன். "மில்க்" என்பதையும், ஸ்பானிஷில் பாலுக்குச் சொல்கிற "லெச்சே" என்பதையும் அவன் ஒரே பாஷையாகத்தான் வைத்திருக்கிறான். அவனுக்கு இரண்டும் "டோரா பேச்சு".

என் கேள்வி இதுதான். இவன் கற்றுக்கொள்வது மொழியா, படத்தின் பெயரா? நிறுத்தி விடலாமா? தமிழே இன்னும் முழுசாக வராத வயதில் இது தேவையா என்கிறார் மாமனார். பக்கத்து ஊர் நர்சரிப் பள்ளியில் கேட்டால், "நல்லதுதானே மேடம், மல்ட்டிலிங்குவல்" என்று சொல்லி அட்மிஷன் ஃபாரத்தை நீட்டுகிறார்கள்.

---

சோமனூர் தறிக்காரன்

தங்கச்சி, நான் படித்தது பத்தாவது. அதனால் ஆராய்ச்சி எல்லாம் பேச மாட்டேன். எங்கள் தறிக் குடோனில் நடந்ததைச் சொல்கிறேன்.

ரெண்டு வருடத்துக்கு முன்னால் ஒடிசாவிலிருந்து ஒரு குடும்பம் வேலைக்கு வந்தது. குடோனை ஒட்டின லைன் வீட்டில்தான் குடியிருந்தார்கள். அவர்கள் பெண்ணுக்கு நாலு வயது, என் பையனுக்கும் நாலு. வந்த அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ரெண்டும் பாபின் கட்டைகளை அடுக்கி விளையாடும். ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை என்னிடம் வந்து, "மாமா, உங்க பையன் அடிச்சுப் போட்டானுங்க" என்று பிராது வைக்கிறது! "ங்க" கூட விடவில்லை.

என் பையன் என்ன கற்றுக்கொண்டான் தெரியுமா? கட்டையை எண்ணும்போது ஏக, துய், தினி, சாரி, பாஞ்ச. தண்ணி வேண்டும் என்றால் பாணி. முதலில் எனக்கு அது இந்தி பாஷையா, ஒடியா பாஷையா என்றே தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பாதான் சொன்னார்.

டிவியில் வருகிற பொம்மை கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடாதுங்க. ஓடினால்தானே "குடு" என்று அதுக்குப் புரிகிற மாதிரி சொல்லித் தீர வேண்டும்? அந்தக் குடும்பம் போன தீபாவளிக்கு ஊருக்குப் போனது, திரும்பி வரவில்லை. பையன் ஒடியாவை இப்போது பாதி மறந்துவிட்டான். எண்ணுவது மட்டும் நிற்கிறது.

---

பேச்சுப் பயிற்சி, கோவை

உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மயிலை மாட்டைப் பற்றி எழுதினீர்களே, அதை எங்கள் வகுப்பில் பாடமாகவே நடத்தலாம்.

திரையில் பார்த்ததை நேரில் இருக்கிற பொருளுக்குப் பொருத்துவது சின்னப் பிள்ளைகளுக்கு லேசில் வராது. மூன்றரை வயதில் பரவாயில்லை, ஒன்றரை, இரண்டு வயதில் ரொம்பவே திணறுவார்கள். உங்கள் பையன் தப்பாகக் கற்றுக்கொள்ளவில்லை. காட்டப்பட்டதைத்தான் கற்றுக்கொண்டான். அவனுக்குக் காட்டியது ஒரே ஒரு பசு.

சோமனூர் அண்ணன் ஆராய்ச்சி பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஆராய்ச்சிக்காரர்கள் கண்டதையே சொல்லிவிட்டார். அமெரிக்காவில் சியாட்டிலில் பட்ரீசியா கூல் என்பவரின் குழு 2003இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. ஒன்பது மாதக் குழந்தைகள், எல்லாம் இங்கிலீஷ் பேசும் வீடு. ஒரு கூட்டத்துக்கு, சீன மொழி பேசுகிறவர்கள் நேரில் உட்கார்ந்து, பொம்மையைக் காட்டி, புத்தகம் படித்து விளையாடினார்கள். ஒவ்வொரு முறையும் சுமார் 25 நிமிடம், மொத்தம் 12 முறை. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்களின் அதே பேச்சை வீடியோவாகப் போட்டார்கள். நேரில் கேட்ட குழந்தைகள், சீன மொழியில் நுணுக்கமாக வேறுபடும் ஒலிகளை, அந்த மொழியிலேயே வளரும் குழந்தைகள் அளவுக்குப் பிரித்து அறிந்தன. வீடியோ பார்த்த கூட்டம், சீன மொழியே கேட்காத குழந்தைகள் இருந்த இடத்தில்தான் இருந்தது.

அதற்காக டோராவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அந்தத் தொடர் 2000இல் நிக்கலோடியனில் தொடங்கியது. அதை எடுத்தவர்கள் விவரமானவர்கள். கேள்வி கேட்டுவிட்டுச் சில நொடி கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்பாள், பார்த்திருப்பீர்கள். பிள்ளை வாய் திறக்கட்டும் என்றுதான் அந்த இடைவெளி. ஒரே வார்த்தை ஒரு கதைக்குள் பல தடவை வரும். 2005இல் வந்த ஓர் ஆய்வில், டோரா மாதிரி நிகழ்ச்சிகளைப் பார்த்த குழந்தைகளுக்கு வார்த்தை வளம் கூடுதலாக இருந்தது. டெலிடபீஸ் என்ற இன்னொரு நிகழ்ச்சியைப் பார்த்த குழந்தைகளுக்குக் குறைவு. ஆனால் அங்கே எண்ணியது வீட்டு மொழியான இங்கிலீஷ் வார்த்தைகளை. "டோரா பார்த்தால் ஸ்பானிஷ் வரும்" என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இடைவெளி என்றேன் இல்லையா, அதில் ஒரு கூத்து. பிள்ளை "பாக்கா" என்றாலும் "பாவக்கா" என்றாலும் ஒன்றுமே சொல்லாமல் முறுக்கு தின்றுகொண்டிருந்தாலும், டோரா அதே உற்சாகத்தோடு சபாஷ் சொல்லிவிட்டு மேலே போவாள். நீங்கள் அப்படிப் போக மாட்டீர்கள். திருத்துவீர்கள், சிரிப்பீர்கள், திரும்பக் கேட்பீர்கள்.

"டோரா பேச்சு" என்று சொன்னீர்களே, முடிச்சே அங்கேதான் இருக்கிறது. மூல வடிவத்தில் இங்கிலீஷ்தான் சாதம், ஸ்பானிஷ் ஊறுகாய். சாதம் தெரிந்த பிள்ளைக்குத்தான் ஊறுகாய் தனியாகத் தெரியும். உங்கள் பையனுக்கு இரண்டுமே புதுசு, இலையில் எது எது என்று எப்படிப் பிரிப்பான்? தமிழில் மாற்றியவர்கள் இதைப் புரிந்துகொண்டு, தமிழைச் சாதமாக்கி இங்கிலீஷை ஊறுகாய் ஆக்கினார்கள். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் டோரா ஸ்பானிஷில் பேசி இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள். அதே கணக்குதான்.

தமிழ் கெட்டுப் போகுமா என்ற பயம் வேண்டாம். இரண்டு மூன்று மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. அப்பாருவோடு பேசுகிற நேரத்தைத் திரை தின்றால்தான் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்ன கணக்குப்படி, இரண்டிலிருந்து நாலு வயது வரைக்கும் எல்லாத் திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு கதை போட்டு, கூட உட்கார்ந்து, முடிந்ததும் அணைத்துவிடுங்கள். அடுத்தது தானாக ஓடுகிற வசதியை முதலில் நிறுத்துங்கள். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் போடுங்கள், அவர்களுக்கு அது நல்லதே. அதில் ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு கட்டுத்தரைக்குப் போங்கள்.

---

பழைய ஆள்

எங்கள் காலத்தில் டிவியும் கிடையாது, ஸ்பானிஷும் கிடையாது. நன்றாகத்தான் இருக்கிறோம். போனைப் பிடுங்கிவிட்டு மண்ணில் விடுங்கள்.

---

காங்கேயத்து மருமகள்

பழைய ஆள் ஐயா, அவன் நாள் முழுக்க மண்ணில்தான் இருக்கிறான். சாயங்காலம் குளிக்க வைத்தால் வாளித் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு வருகிறது. எனக்குப் பால் கறக்கவும் அடுப்பு பார்க்கவும் இருக்கிற ஒரு மணி நேரத்துக்குத்தான் டோரா. அந்த நேரத்துக்கு நீங்கள் வந்து பார்த்துக்கொள்வதாக இருந்தால் போனை இன்றைக்கே பூட்டி வைத்துவிடுகிறேன்.

---

பொள்ளாச்சியிலிருந்து ஹூஸ்டன்

இந்தச் சண்டையைப் படித்துச் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். எங்கள் வீட்டுக் கதை உங்களுடையதைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி.

இங்கே டெக்ஸாஸில் ஸ்பானிஷுக்குப் பஞ்சமே இல்லை. மகளின் டே கேரில் பாதிக் குழந்தைகள் வீட்டில் ஸ்பானிஷ்தான். அவள் கற்றுக்கொண்ட முதல் ஸ்பானிஷ் வார்த்தை "மியோ". என்னுடையது என்று அர்த்தம். எந்தக் கார்ட்டூனும் அதைப் பாடமாக வைக்காது, ஆனால் இரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைவிடத் தேவையான வார்த்தை உண்டா? சோமனூர் அண்ணன் சொன்ன பாபின் கட்டைதான் இங்கேயும்.

எங்கள் கவலை தமிழ். அதற்கு நான் யூடியூபில் தேடிப் பிடித்தது, நம்ம சுட்டி டிவி டோராவேதான்! தமிழில் கதை, நடுவில் அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை. மேலே கோவை பேச்சுத் தெரபிஸ்ட் மேடம் சொன்ன சாதமும் ஊறுகாயும் இங்கே இடம் மாறிவிட்டன. அவளுக்குத் தெரிந்தது ஊறுகாய், தெரியாதது சாதம். ரெண்டு மாதம் பார்த்தாள். பாட்டு பாடினாள், பேச்சு வரவில்லை.

பேச்சு வந்தது அம்மாயியால், அதாவது எங்கம்மாவால். தினமும் இங்கே காலை எட்டு மணி, அங்கே பொழுது சாய்ந்த நேரம், வீடியோ கால். எங்கம்மாவுக்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை புரியாது, அது எவ்வளவு பெரிய உதவி என்று அப்போது தெரியவில்லை. மகள் "வாட்டர்" என்றால் எங்கம்மா, "என்ன சாமி, என்ன கேக்கற?" என்பார். நாலு தடவை கேட்டதும் மகளே வழிக்கு வந்து "தண்ணி" என்றாள். எங்கம்மா சந்தகை பிழிகிறதை மொத்தமாகக் காட்டுவார். மகள் "இன்னும் பிழி, இன்னும் பிழி" என்று கத்துவாள். "பிழி" என்ற வார்த்தையில் ழகரம் சுத்தமாக வருகிறது. எனக்கே அவ்வளவு சுத்தமாக வராது.

வீடியோவில் வராதது வீடியோ காலில் எப்படி வருகிறது என்று எனக்கே புரியாமல் இருந்தது. அதையும் சோதித்திருக்கிறார்கள் என்று அப்புறம் படித்தேன். 2014இல் வந்த ஆய்வு. இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளுக்குப் புது வினைச்சொற்களை நேரிலும், வீடியோ காலிலும், பதிவு செய்த வீடியோவிலும் சொல்லிக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நேரிலும் காலிலும் கற்றுக்கொண்டன, பதிவில் இல்லை. எதிரில் இருப்பது கண்ணாடித் திரைதான், ஆனால் பிள்ளை சொன்னதைக் கேட்டு அதற்குப் பதில் சொல்கிற ஆள் உள்ளே இருக்கிறார்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஸ்பெயினில் பையர் இருக்கிறார் என்றீர்களே. அவர்கள் வீட்டிலும் ஒரு அம்மாயி இருக்க மாட்டாரா? விளையாட்டுக்குச் சொன்னேன்.

---

காங்கேயத்து மருமகள் (மூன்று வாரம் கழித்து)

எல்லோரும் அக்கறையாக எழுதினீர்கள், நடந்ததைச் சொல்ல வேண்டாமா?

முதல் வாரம் படுதோல்வி. ஒரு கதை, ஒரு வார்த்தை, அப்புறம் கட்டுத்தரை. தெரபிஸ்ட் மேடம் சொன்னபடியே செய்தேன். பெரிய மயிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு "இதுவும் பாக்கா" என்றேன். "இல்லீங்மா, இது மாடு" என்றான். "மாடுதான் கண்ணு, பாக்காவும் இதுதான்." "இல்லீங்மா. மாடு." ஒரு பொருளுக்கு ஒரு பேர்தான் என்று தீர்மானமாக இருக்கிறான். யோசித்தால் நியாயம்தான். அவனுக்கு நான் அம்மா மட்டும்தானே.

இரண்டாவது வாரம் என் மாமனார் நடுவில் புகுந்தார். உதவி செய்ய வரவில்லை, எங்கள் சண்டையைப் பொறுக்க முடியாமல் வந்தார். தீவனத் தட்டை அள்ளிப் போட்டுக்கொண்டே, "ஏஞ்சாமி, நம்ம ஊர்ல இது மாடு. அந்த டோரா புள்ள ஊர்ல இதுக்கு என்ன பேருன்னு கேக்கறா உங்கம்மா" என்றார். பையன் ஒரு நிமிடம் மாட்டையே பார்த்தான். "டோரா ஊர்ல பாக்கா" என்றான்.

அவ்வளவுதான். ஊர் மாறினால் பேர் மாறும் என்பது அவனுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. அம்மாயி ஊரில் ஒரு மாதிரி, இங்கே ஒரு மாதிரி பேசுவதைக் கேட்டவன்தானே. அன்றிலிருந்து நாள் முழுக்க இதே வேலை. தண்ணித் தொட்டியைக் காட்டி "டோரா ஊர்ல?" என்பான். எங்களுக்குத் தெரியாததை ராத்திரி அவன் அப்பாவிடம் கேட்டு வைக்கிறேன். இங்கிலீஷுக்கும் ஒரு ஊர் வேண்டும் அல்லவா, அதற்கு "மிஸ் ஊர்" என்று அவனே வைத்துவிட்டான். அடுத்த வருடம் பள்ளிக்கூடத்தில் மிஸ் வருவார் என்று சொல்லி வைத்திருந்தோம், அதனால். "டோரா பேச்சு" இப்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது.

மூல டோராவை வாரத்துக்கு இரண்டு கதையாகக் குறைத்துவிட்டோம். மீதி நாளில் தமிழ் டோரா. பழைய ஆள் ஐயாவுக்காகச் சொல்கிறேன், அவன் கேட்காத நாளில் எதுவுமே இல்லை.

அவனைவிட அப்பாருவுக்குத்தான் நன்றாக வருகிறது. வேலை செய்கிறவர்களிடம் "அகுவா குடிச்சுட்டு வாங்க" என்கிறார். வாயில முள்ளா குத்துதுன்னு கேட்ட அதே மனுசன்.

போன வெள்ளிக்கிழமை பெரிய மயிலை கன்று ஈன்றது. கிடாரி. எங்கள் பக்கத்துக் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். பையன் சீம்பால் வாசத்தில் மூக்கைச் சுளித்துக்கொண்டே கிட்டப் போய், ஈரம் காயாத முதுகைத் தொட்டு "ரோஹோ" என்றான். சிவப்பு. யாரும் கேட்கவில்லை, எந்த ஊர் என்றும் சொல்லவில்லை. இப்போது கன்றின் பெயரே ரோஹோ. அத்தை "ரோசா" என்று கூப்பிடுகிறார், அதுவும் திரும்பிப் பார்க்கிறது.

மாமனாருக்கு மட்டும் ஒரு கவலை. ஆறு மாதத்தில் செவலை போய் மயிலையாகிவிடுமே, அப்போது பேரை என்ன செய்வது என்று கேட்டார். மயிலை நிறத்துக்கு டோரா ஊரில் என்ன சொல்வார்கள் என்று வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "கிரீஸ்" என்றார். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"மோட்டாருக்குப் போடறதா?" என்றார் மாமனார்.